தண்டவாளமும் தலையெழுத்தும்

(இரயில்வேத் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



தண்டவாளத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். சாதியையும் சாஸ்திரத்தையும் பற்றிப் பேசிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிகிறவர்களுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நாம் எஞ்சினீர் பரீட்சை கொடுத்தவர்களல்ல என்பது உண்மைதான். ஆனால் ஓர் இரயில் கவிழ்ந்து ஐம்பது பேர் செத்தார்கள் என்றால், மறுநாள் காலையிலேயே அந்த விஷயம் எஞ்சினீர் கையைவிட்டுப் புரோகிதன் கைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. 'தலையெழுத்து' என்கிறான் ஒருவன். 'அவர்களுக்கு அவ்வளவுதான் ஆயுசு' என்கிறான் மற்றொருவன். 'இராகு காலத்தில் கிளம்பிய வண்டி' என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறான் மூன்றாமவன். தப்பிப் பிழைத்தவனோ, 'முருகன் காப்பாற்றினான்' என்று பழனிக்கு மொட்டை போடப் புறப்படுகிறான். உன்னைக் காப்பாற்றிய முருகனுக்கு உன் பக்கத்தில் இருந்த கைக்குழந்தை கண்ணில் படவில்லையா என்று கேட்டால் நம்மை நாஸ்திகர் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இப்படி விஷயம் நமது இலாகாவுக்கு வந்துவிட்டபடியால்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

நாம் கேட்பதெல்லாம் சாதாரணக் கேள்விகள். சக்கரத்தின் கீழ் முறிந்த அந்தத் தண்டவாளம் எப்போது முறிய ஆரம்பித்தது? அதைப் பார்க்க வேண்டியது யார் பொறுப்பு? பார்த்தார்களா? பார்த்த பிறகு என்ன செய்தார்கள்? இவ்வளவுதான். 'விதி' என்கிற இரண்டெழுத்து, இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது கேட்கவொட்டாமல் மனிதன் வாயை அடைத்துவிடுகிறது. வாயடைத்துப் போனால் யாருக்கு இலாபம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தோழர்களே! தண்டவாளம் ஒரே நாளில் முறிகிற வஸ்துவல்ல. சரக்கு வண்டியின் ஒரு சக்கரம் 10 டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை ஒரு சிறு நாணயமளவு இடத்தின்மீது வைத்து உருண்டு போகிறது. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, ஒரு வண்டிக்கு எத்தனை சக்கரம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். இரும்புக்குள் நெல்லளவு குறை எங்காவது இருந்தால் ஒவ்வொரு சக்கரமும் அதை ஒரு மயிரிழை வளர்த்துவிட்டுப் போகும். வெயிலும் குளிரும் சும்மா இருப்பதில்லை. ஒரு கிலோமீட்டர் நீளத் தண்டவாளத்தைத் தடையில்லாமல் விட்டுவைத்து 30 டிகிரி சூடேற்றினால் அது சுமார் 34 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய முக்கால் முழம், நீளும். கட்டையில் இறுக்கிப் பிடித்திருப்பதால் நீள முடியாமல் கோடையில் உள்ளுக்குள் திமிறுகிறது. குளிர்கால இரவில் சுருங்க முடியாமல் தன்னைத்தானே இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுக்கிற ஓர் இரவில் அந்த வெடிப்பு வாயைத் திறக்கிறது. ஆகவே முறிந்த நேரம் அதிகாலை 3 மணி என்று பத்திரிகையில் போட்டாலும், முறிய ஆரம்பித்த நேரம் எத்தனையோ மாதங்களுக்கு முன்பு. அந்த மாதங்களெல்லாம் மனிதனுக்குக் கிடைத்த அவகாசம். விதிக்காரன் மறைப்பது இந்த அவகாசத்தைத்தான்.

இதை முதலில் கண்டுகொண்டவன் எவன்? இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, கீமேன், கேங்மேன் தோழர்கள், உங்களைப் போன்றவன்தான். தோளில் சுத்தியலும் ஸ்பானரும், பையில் சிவப்புக் கொடியும் வெடியும் வைத்துக்கொண்டு ஒரு தண்டவாளத்தோடு போய் மற்றத் தண்டவாளத்தோடு திரும்புகிறானே, அவன் போனதனால்தான் மேல் வகுப்பில் மெத்தை போட்டுத் தூங்குகிறவன் காலையில் கண் விழிக்கிறான். கண் விழித்தவன் ஜன்னல் வழியாகக் கும்பிடுவது என்னவோ தூரத்தில் தெரியும் கோபுரத்தை! இரயில்வேயில் மிகக் குறைந்த சம்பளமும், மிக அதிக வெயிலும், மிகக் குறைந்த மரியாதையும் எந்த வேலைக்கு என்று பாருங்கள். அந்த வேலையில் எந்தச் சாதிக்காரர்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். இதை வருணாசிரமம் என்று நாம் சொன்னால் கோபம் வருகிறது.

ஆனால் எவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. தளர்ந்த கட்டையைப் பார்க்கலாம், கழன்ற கிளிப்பைப் பார்க்கலாம், ஜல்லி ஓடிப்போயிருப்பதைப் பார்க்கலாம். இரும்புக்குள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. 1911-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் மான்செஸ்டர் என்ற ஊரருகே லீஹை வாலி கம்பெனியின் பிரயாணி வண்டி பாலத்தின் மேல் தடம் புரண்டு 29 பேர் இறந்தார்கள். அந்த நாட்டிலும் பாதிரிமார்கள் இருந்தார்கள். கர்த்தரின் சித்தம் என்று சொல்வதற்கு ஆள் பஞ்சமில்லை. ஆனால் சர்க்கார் அனுப்பிய ஜேம்ஸ் ஹோவர்ட் என்ற நிபுணர் பிரார்த்தனை செய்யாமல், முறிந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார். தலைப்பகுதிக்கு உள்ளே, மேலே எதுவும் தெரியாமல், குறுக்கு வாட்டில் ஒரு வெடிப்பு வளர்ந்து வந்திருக்கிறது என்று கண்டு சொன்னார். வெளியில் நின்று ஆயிரம் பேர் பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாத வெடிப்பு அது.

கண்ணுக்குத் தெரியாததொன்று இருக்கிறது என்றவுடன் நம் நாட்டில் என்ன செய்திருப்பார்கள்? அதற்கு ஒரு பெயர் வைத்து, ஒரு கல்லை நட்டு, எண்ணெய் தடவியிருப்பார்கள். எல்மர் ஸ்பெர்ரி என்ற அமெரிக்கர் வேறு விதமாக யோசித்தார். கப்பலுக்கு திசை காட்டும் சுழல் யந்திரம் செய்து பெயர் பெற்றவர் அவர். கண்ணுக்குத் தெரியாவிட்டால் வேறு எதற்குத் தெரியும் என்று கேட்டுப் பார்த்தார். தண்டவாளத்துக்குள் பலமான மின்சாரத்தைச் செலுத்தினால் அதைச் சுற்றி ஒரு காந்த மண்டலம் உண்டாகிறது. உள்ளே வெடிப்பிருந்தால் மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். வாய்க்காலில் ஒரு கல் கிடந்தால் தண்ணீர் விலகிப் போவதுபோல. விலகினால் காந்த மண்டலமும் கோணும். அந்தக் கோணலைக் கம்பிச் சுருள் ஒன்று உணர்ந்து காகிதத்தில் கோடு போட்டுக் காட்டும். வெடிப்புள்ள இடத்தில் தண்டவாளத்தின் மேல் தானாகவே சாயம் பீச்சி அடையாளம் வைக்கும். இந்த ஏற்பாட்டையெல்லாம் ஒரு வண்டியில் பூட்டி 1928-இல் அமெரிக்கத் தண்டவாளங்களின் மேல் ஓட்டினார். ஞானக்கண் என்று நம் சாமியார்கள் வயிறு வளர்க்கிறார்களே, அந்தக் கண்ணால் இரண்டாயிரம் வருஷமாக ஒரு வெடிப்பையாவது யாராவது கண்டதுண்டா?

அத்தோடு விட்டார்களா? அந்த வெடிப்பு ஏன் உண்டாகிறது என்று துருவினார்கள். உருக்கும்போது இரும்புக்குள் கலந்துவிடுகிற ஹைட்ரஜன் வாயு, தண்டவாளம் விரைவில் ஆறும்போது வெளியேற வழியின்றி உள்ளேயே மாட்டிக்கொண்டு நுண்ணிய கீறல்களை உண்டாக்குகிறது என்று தெரிந்தது. தெரிந்தவுடன் 1930-களில், உருட்டி எடுத்த தண்டவாளத்தை மூடி வைத்து மெல்ல மெல்ல ஆறவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த வகை வெடிப்பு மிகவும் அருகிப்போயிற்று. காரணம் தெரிந்ததும் காரியம் நின்றுவிட்டது. விதி என்று ஒன்று இருந்திருந்தால், இரும்பை மெல்ல ஆறவைத்ததும் அது ஏன் பயந்துகொண்டு ஓடிற்று?

பிறகு வந்தது ஒலி. நம் காதுக்குக் கேட்காத, வினாடிக்கு இருபது முப்பது லட்சம் தடவை அதிர்கிற ஒலியைத் தண்டவாளத்துக்குள் அனுப்புகிறார்கள். அடிப்பாகம் வரை போய்த் திரும்பவேண்டிய எதிரொலி பாதி வழியிலேயே திரும்பினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். குறுக்கு வெடிப்பு நேர் ஒலிக்கு அகப்படாது என்பதால் சாய்வாகவும் அனுப்புகிறார்கள். நம் நாட்டிலும் ஒரு சிறு தள்ளுவண்டியில் இந்தக் கருவியையும் ஒரு தண்ணீர்க் குடுவையையும் வைத்துக்கொண்டு தோழர்கள் தண்டவாளத்தோடு நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் தண்ணீர் என்றால், கருவிக்கும் இரும்புக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. ஈரம் இருந்தால் போகும். அந்தத் தண்ணீர் கங்கையாக இருந்தாலும் சரி, குழாயடித் தண்ணீராக இருந்தாலும் சரி, வேலை ஒன்றுதான்!

இதற்கும் குறை உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. மேற்பரப்பில் செதில் செதிலாய்ச் சிறு வெடிப்புகள் இருந்தால் அவை ஒலியை மறித்து, அடியிலிருக்கும் பெரிய வெடிப்பை மறைத்துவிடும். யந்திரம் 'ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்வதும், 'ஒன்றுமில்லை' என்று சொல்வதும் ஒன்றல்ல. அதைப் படிக்கத் தெரிந்த மனிதன் வேண்டும்.

இப்போது இந்த வேலையெல்லாம் ஓடும் வண்டியிலேயே நடக்கிறது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் உள்ள அகலம், நமது பெரிய பாதையில் 1676 மில்லிமீட்டர் இருக்கவேண்டியது, எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது. ஒரு பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது. வளைவு சரியாக வளைந்திருக்கிறதா என்பதையெல்லாம் லேசர் ஒளியைக் கொண்டு அளக்கிறார்கள். வண்டிக்கடியில் காமிராக்கள் ஒவ்வொரு கிளிப்பையும் படம் பிடிக்கின்றன. கழன்றிருப்பது எது என்று கம்ப்யூட்டரே பிரித்துச் சொல்கிறது. அமெரிக்காவில் இந்தக் கருவிகளை ஒரு மூடிய சரக்குப் பெட்டிக்குள் வைத்து, ஆளே இல்லாமல், ஓடுகிற சரக்கு வண்டியோடு கோத்துவிடுகிறார்கள். ஜப்பானில் 1964 அக்டோபரில் அதிவேக இரயில் தொடங்கியது. அந்தப் பாதையைச் சோதிக்க மஞ்சள் வர்ணம் பூசிய தனி வண்டி. 'டாக்டர் எல்லோ' என்று பெயர். சுமார் பத்து நாளைக்கு ஒரு தடவை, பிரயாணி வண்டிகளுக்கு இடையிலேயே மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே பாதையையும் மேலே போகும் மின்கம்பியையும் அளந்துவிடும். அந்த அதிவேகப் பாதைகளில் வண்டி மோதியோ தடம் புரண்டோ ஒரு பிரயாணியாவது இதுவரை இறந்ததில்லை. 2004-இல் நீகாட்டா பூகம்பத்தில் ஒரு வண்டி தடம் புரண்டபோதுகூட உயிர்ச்சேதமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்த மஞ்சள் வண்டி ஓடும் நேரத்தைக் கம்பெனிக்காரர்கள் வெளியிடுவதில்லை. ஆகவே அதை யதேச்சையாய்ப் பார்ப்பது அபூர்வம். அதைப் பார்த்தால் அதிர்ஷ்டம் வரும் என்று ஜப்பானியர் ஒரு நம்பிக்கையை உண்டாக்கிக்கொண்டார்கள்! வெடிப்பைத் தேடும் யந்திரத்தையே சகுனமாக்கிவிட்டார்கள். மூடநம்பிக்கை நமது ஏகபோக உரிமை என்று நினைத்திருந்தவர்கள் ஆறுதல் அடையலாம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பிளாட்பாரத்தில் நிற்கும் ஜப்பானியன் அதிர்ஷ்டம் என்று கைதட்டுகிறான். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஜப்பானியன் அதிர்ஷ்டத்தை நம்பாமல் மில்லிமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த வண்டிகளில் ஒன்று 2025 ஜனவரியோடு ஓய்வு பெற்றுவிட்டது. இந்தக் கருவிகளைப் பிரயாணி வண்டியிலேயே பொருத்திவிட ஏற்பாடு. இனி அதிர்ஷ்டக்காரர்கள் எதைப் பார்ப்பார்களோ தெரியவில்லை.

நம் நாட்டில் எப்படி? புது வண்டி விடும்போது எஞ்சினுக்கு மாலை, சந்தனம், குங்குமம். ஆயுத பூசையன்று பட்டறைக்குப் பட்டறை பொரியும் கடலையும். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம். பல லட்சம் ரூபாய் பெறும் கருவிக்குப் படிக்காதவன் மட்டுமல்ல, பட்டம் பெற்ற எஞ்சினீரும் சூடம் காட்டுகிறான். நாம் அவர்களை ஒன்று கேட்கிறோம். ஒலிக்கருவியில் வெடிப்பு தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்துவிட்டு, 'போகலாம்' என்று பச்சைக்கொடி காட்டுவீர்களா? எவ்வளவு பெரிய பக்தனும் காட்டமாட்டான். ஓடிப்போய் இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து இறுக்கி, வேகத்தைக் குறைக்கச் சொல்லிச் சேதி அனுப்பி, தண்டவாளத்தை மாற்றச் சொல்லுவான். ஆகவே எலுமிச்சம்பழத்தில் உங்களுக்கே நம்பிக்கையில்லை! ஆபத்தில்லாத நாளில் அது. ஆபத்து வந்தால் ஸ்பானர்.

நிற்க. யந்திரம் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் நடந்த ஒரு சங்கதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

இரயில்வேயை உலகத்துக்குக் கொடுத்த நாடு அது. 1990-களில் அங்கே இரயில்வேயைத் தனியாருக்குத் துண்டு துண்டாய்ப் பிரித்து விற்றார்கள். வண்டி ஓட்டுபவன் ஒருவன், தண்டவாளத்துக்குச் சொந்தக்காரனாகிய ரெயில்ட்ராக் என்ற கம்பெனி மற்றொருவன், அதைப் பராமரிக்கக் காண்டிராக்ட் எடுத்தவன் மூன்றாமவன். 2000-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 17-ந் தேதி பகலில் இலண்டனிலிருந்து லீட்ஸ் போகும் வண்டி, ஹாட்பீல்டு என்ற ஊரருகே வளைவில் மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது தண்டவாளம் சிதறியது. முறிந்தது என்று சொல்லவில்லை, சிதறியது. பிறகு பொறுக்கி எண்ணிப் பார்த்தபோது 300 துண்டுகளுக்கு மேல் இருந்தன. 4 பேர் இறந்தார்கள். 70 பேருக்கு மேல் காயப்பட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தத் தண்டவாளம் கெட்டுப்போயிருக்கிறது என்பது முன்னமே தெரியும். சக்கரம் உரசும் உள்விளிம்பில் வெடிப்புகள் ஓடியிருந்ததைப் பார்த்துவிட்டார்கள், எழுதிவிட்டார்கள், மாற்றவேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். அதோடு மட்டுமா? மாற்றவேண்டிய புதுத் தண்டவாளத்தை வாங்கிக் கொண்டுவந்து, பல மாதங்களுக்கு முன்பே அதே இடத்தில் பழைய தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே இறக்கியும் வைத்துவிட்டார்கள்! புதுத் தண்டவாளம் பக்கத்தில் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, பழைய தண்டவாளத்தின் மேல் தினமும் வண்டி பறந்துகொண்டிருந்தது. மாற்றும் வேலைக்கு வண்டிகளை நிறுத்தி வழிவிட வேண்டும். வண்டியை நிறுத்தினால் பணம். பணத்தை யார் கொடுப்பது, யார் ஏற்பாடு செய்வது என்பது கம்பெனிக்கும் காண்டிராக்டருக்கும் நடுவில் கிடந்தது. வேகத்தையாவது குறைத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

விபத்து நடந்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் வேகத்தைக் குறைத்து, மாதக்கணக்கில் இரயில் போக்குவரத்தே குழம்பிப்போயிற்று. மறுவருஷமே ரெயில்ட்ராக் கம்பெனி நொடித்தது; 2002-இல் நெட்வொர்க் ரெயில் என்ற ஸ்தாபனம் தண்டவாளங்களை எடுத்துக்கொண்டது. மறுவருஷம் 2003-இல் மஞ்சள் வர்ணத்தில் ஒரு சோதனை வண்டியும் அங்கே ஓடத் தொடங்கியது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அளக்கக்கூடியது. 2005-இல் கோர்ட்டில் காண்டிராக்டராகிய பால்போர் பீட்டி கம்பெனிக்கு 1 கோடி பவுன் அபராதம் போட்டார்கள்; அப்பீலில் அது 75 லட்சமாகக் குறைந்தது. தண்டவாளத்துக்குப் பொறுப்பான ஸ்தாபனத்துக்கு 35 லட்சம் பவுன். குற்றஞ்சாட்டப்பட்ட அதிகாரிகள் ஒருவர்கூடத் தண்டனை அடையவில்லை.

தோழர்களே! இந்த விபத்தில் விதி எங்கே இருந்தது? வெடிப்பில் இருந்ததா? அதைத்தான் பார்த்துவிட்டார்களே! புதுத் தண்டவாளத்தில் இருந்ததா? அதுதான் வந்து கிடந்ததே! இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு மேசை. மேசைமேல் ஒரு கட்டுக் காகிதம். அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழாமல் கிடந்ததைத் தலையெழுத்து என்று சொன்னால் அது யாரைக் காப்பாற்றுகிற வார்த்தை என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். செத்தவர்களுடைய தாய் தகப்பனுக்கு ஆறுதல் சொல்வதுபோல் வருகிறது. காப்பாற்றுவதோ மேசைக்குப் பின்னால் இருக்கிறவனை.

இங்கிலாந்து கிடக்கட்டும். நம் வீட்டுக்கு வருவோம். 1956-ஆம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி அரியலூருக்குப் பக்கத்தில், மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்திருக்க, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதில் போய் விழுந்தது. 150 பேர் அளவில் மாண்டார்கள். இரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை ராஜினாமா செய்தார். அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நற்குணக் கதையாக இன்றுவரை சொல்லிக்கொடுக்கிறார்கள். அவருடைய நேர்மையை நாம் குறைவாகப் பேசவில்லை. இந்தக் காலத்து மந்திரிகளைப் பார்க்கும்போது அது பெரிய காரியம்தான். ஆனால் அரியலூர் என்றவுடன் மந்திரியின் ராஜினாமா எல்லோருக்கும் ஞாபகத்துக்கு வருகிறது. அன்று அந்தப் பாலத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறினால் வண்டியை நிறுத்தவேண்டும், அதை யார் பார்த்துச் சொல்லவேண்டும் என்ற கேள்வி ஒருவருக்கும் ஞாபகத்துக்கு வருவதில்லை. மந்திரியின் ராஜினாமாக் கடிதம் பாலத்தைத் தாங்காது.

இப்போதும் யந்திரம் இல்லாமலில்லை. பாதையை அளந்து எழுதும் சோதனை வண்டிகள் இருக்கின்றன. இலட்சுமணபுரியில், அதாவது லக்னோவில், இதற்கென்று இரயில்வேயின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இருந்தும் என்ன நடக்கிறது? இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், வண்டிகள் தடம் புரள்வதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி, அது 2022 டிசம்பரில் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. 2017-18 முதல் 2020-21 வரையுள்ள கணக்கு. சோதனை வண்டிகள் எத்தனை தடவை போய் அளக்கவேண்டும் என்று விதி இருக்கிறதோ (இது தலைவிதியல்ல, இரயில்வேயின் விதி), அதில் 30 முதல் 100 சதவிகிதம்வரை குறைவு என்று அதில் எழுதியிருக்கிறது. 100 சதவிகிதம் குறைவு என்றால் சோதனை வண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்! தணிக்கையாளர் பார்த்த 1129 தடம்புரளல் விசாரணைகளில், பாதைப் பராமரிப்புக் குறைவால் நேர்ந்தவை மட்டும் 171.

பணமில்லையா? பாதுகாப்புக்கென்றே 5 வருஷத்துக்கு 1 லட்சம் கோடி ரூபாய் என்று 2017-இல் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். அந்த நிதியிலிருந்து என்னென்ன வாங்கப்பட்டது என்று அதே தணிக்கையில் வந்திருக்கிறது. பீங்கான் தட்டுகள், நாற்காலி மேசைகள், குளிர்கால மேல்சட்டைகள். அத்துடன் காலைப் பிடித்துவிடும் யந்திரம்! நாள் முழுவதும் ஜல்லிமேல் நடந்த கேங்மேன் காலைப் பிடித்துவிடவா அது வாங்கப்பட்டது? அப்படியிருந்தால் நாமே அந்தச் செலவை ஆதரித்துத் தீர்மானம் போடுவோம்.

ஆகவே பொதுஜனங்கள் கேட்கவேண்டியது ஒன்றிருக்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி வரும் நேரத்தைப் பலகையில் போடுகிறார்கள். அதன் பக்கத்தில் இன்னொரு பலகை போடட்டும். இந்த ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் சோதனை வண்டி கடைசியாக எந்தத் தேதி போயிற்று, ஒலிக்கருவி எந்தத் தேதி போயிற்று, என்ன குறை கண்டது, எந்தத் தேதி அது தீர்க்கப்பட்டது என்று நல்ல தமிழில் எழுதட்டும். இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. ஒரு சாக்குக்கட்டி போதும். சர்க்கார் ரகசியம் என்று சொன்னால், யாருடைய ரகசியம் என்று கேளுங்கள். டிக்கட்டு வாங்குகிறவன் உயிரை அல்லவா வைத்துப் போகிறான்!

இப்போது ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'ஆளில்லாத வண்டியே எல்லாம் பார்த்துவிட்டால் எங்கள் வேலை போய்விடாதா? நீங்கள் யந்திரத்தின் பக்கமா, எங்கள் பக்கமா?' என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இதே தகராறு நடந்தது. அங்கே முக்கியமான பாதைகளை வாரத்துக்கு இரண்டு தடவை மனிதன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று சட்டம். 2018-இல் பி.என்.எஸ்.எஃப். கம்பெனி, சோதனை முறையில் யந்திரத்தை அடிக்கடி விட்டு மனிதப் பார்வையைக் குறைத்துக்கொள்ள அனுமதி வாங்கியது. பாதைத் தொழிலாளர் சங்கம் ஆட்சேபித்தது. லேசர் அகலத்தை அளக்கும், ஆனால் மண் சரிந்து கொண்டிருப்பதையும், வாய்க்கால் அடைபட்டு நீர் தேங்குவதையும் நடந்து போகிறவன்தான் பார்ப்பான் என்பது சங்கத்தின் பேச்சு. அது சரியான பேச்சு. கம்பெனி சொல்வதிலும் பாதி உண்மை. ஆனால் கம்பெனி யந்திரத்தை வைத்து வெடிப்பைக் குறைக்கப் பார்க்கிறதா, ஆளைக் குறைக்கப் பார்க்கிறதா என்று பார்க்கவேண்டும்.

நமது அபிப்பிராயம் இது. வெயிலில் மனிதன் நடந்து நடந்து தேய்வது ஒரு பெருமையல்ல. அது அவன் பிறப்புக்கேற்ற தர்மமும் அல்ல. யந்திரம் வரட்டும், நிறைய வரட்டும். யந்திரம் இன்று பத்து இடத்தில் வெடிப்பைக் கண்டால், நாளைக்குப் பத்து இடத்தில் ஸ்பானர் பிடிக்க ஆள் வேண்டும். ஹாட்பீல்டில் குறைவாயிருந்தது கண்டுபிடிப்பு அல்ல, செய்து முடிப்பது. ஆகவே நடையில் மிச்சப்படுகிற ஆளை வீட்டுக்கு அனுப்பாமல் பழுது பார்க்கும் வேலையில் சேர்க்கவேண்டும். கருவியைப் படிக்கிற வேலைக்கு வெளியிலிருந்து ஆள் கொண்டுவராமல் கேங்மேன் பிள்ளைகளுக்கும், கேங்மேனுக்குமே அந்தப் படிப்பைக் கொடுக்கவேண்டும். சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டே இரும்பை எடை போட்டவனுக்கு அந்தக் கோட்டைப் படிக்க வராது என்று எவனாவது சொன்னால், அவன் பேசுவது எஞ்சினீரிங் அல்ல, மனுதர்மம்.

இன்னொன்று. பாதையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது பின்னால் வரும் வண்டி தெரியாமல் அடிபட்டுச் சாகிற தோழர்கள் இருக்கிறார்கள். வண்டி நெருங்கினால் கூவி எச்சரிக்கும் கையடக்கக் கருவி, 'ரக்ஷக்' என்ற பெயரில், சில பகுதிகளில் கொடுத்திருக்கிறார்கள். பெரிய சோதனை வண்டிக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்குமுன், உங்கள் பிரிவில் எத்தனை பேர் கையில் அந்தக் கருவி இருக்கிறது என்று கணக்கெடுங்கள். இல்லாதவர்கள் பெயரை நாளைக்கே ஒரு காகிதத்தில் எழுதி, சங்கத்தின் மூலமாக மேலதிகாரிக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேதியும் போடச் சொல்லுங்கள்.